கணக்கு கேட்டால் கோராகின் பாவமா?

ஓட்டேரி வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வடசென்னையில் இருக்கிறது, அவ்வளவு போதும். கட்டட நிதிக் கணக்கைப் பொதுக்குழுவில் வையுங்கள் என்று எங்களில் சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்த பகுதி எண்ணாகமம் 16. கோராகு, தாத்தான், அபிராம் மோசேக்கு எதிராக எழும்பியது, பூமி வாயைத் திறந்து விழுங்கியது, தூபகலசம் பிடித்த 250 பேரை அக்கினி பட்சித்தது. யார் பெயரும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பாதிச் சபை எங்கள் பெஞ்சைத்தான் திரும்பிப் பார்த்தது.

கணக்கு விவகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான் கேட்க வந்தது வேறு. கடவுளுக்கு எதிரான கலகம் என்று கிறிஸ்தவம் எதைத்தான் சொல்கிறது? சாத்தான் செய்தது, கோராகு செய்தது, சாம்பலில் உட்கார்ந்து யோபு பேசியது எல்லாம் ஒன்றா? படித்தவர்கள் சொல்லுங்கள். "ஜெபியுங்கள் பிரதர்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

பெரம்பூர் மணி

பிரதர், கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. ஆனால் வசனம் வசனம்தான். "இரண்டகம்பண்ணுதல் பில்லிசூனிய பாவத்திற்கு" சரி என்று 1 சாமுவேல் 15:23 சொல்கிறது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்பது சங்கீதம் 105. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ நான் சொல்லத் தேவையில்லை. முதல் கலகம் பரலோகத்தில் நடந்தது. "நான் வானத்துக்கு ஏறுவேன்" என்றவன் பாதாளத்தில் தள்ளப்பட்டான், ஏசாயா 14 பாருங்கள். ஏதேனில் விழுகை எப்படித் தொடங்கியது? "தேவன் சொன்னது உண்டோ?" என்ற ஒரு கேள்வியில்தானே?

கணக்கு கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்ற பெயரில் கிளம்பி, சபையை இரண்டாக்கி, கோர்ட்டு வாசலில் போய் நின்ற கூட்டத்தையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

சாந்தோம் அலை

மணி ஐயா கொடுத்த வசனங்களையே எடுத்துக்கொள்வோம். அவை யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை?

1 சாமுவேல் 15, சவுலைப் பார்த்துச் சொன்னது. அபிஷேகம் பெற்ற அரசன் அவன். அமலேக்கியரிடம் கொள்ளையடித்ததில் நல்ல ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, "கடவுளுக்குப் பலியிடத்தான்" என்று சாக்குச் சொன்னான். சங்கீதம் 105:15க்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நாடோடிகளாக அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்காகக் கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். "தொடாதே" என்பது அரியணையில் இருந்தவனுக்குக் கொடுத்த எச்சரிக்கை. நாதியற்றவனின் வாயை அடைக்கச் சொன்னது அல்ல.

ஏசாயா 14 பாபிலோன் அரசனைப் பற்றிய ஏளனப் பாட்டு. 4ஆம் வசனத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. எசேக்கியேல் 28 தீரு நாட்டு அரசனைப் பற்றியது. இவற்றைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசிக்கும் வழக்கத்தை ஆதித் திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்தூலியன், ஓரிகன் காலத்திலிருந்தே காணலாம். ஆனால் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் தம் ஏசாயா உரையில் அந்த வாசிப்பை ஏற்கவில்லை, கடுமையாகவே மறுத்தார். நான் கத்தோலிக்கப் பெண். கால்வினை நான் துணைக்குக் கூப்பிட வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

பழைய வாசிப்பையே வைத்துக்கொண்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். சாத்தான் எப்படிப்பட்டவன் என்று காட்டத் திருச்சபைக்குக் கிடைத்த உருவம் ஒரு பேரரசனும் ஒரு வணிக நகரத்தின் மன்னனும். கேள்வி கேட்ட ஏழையை யாரும் அதற்கு எடுக்கவில்லை.

சாத்தானின் பாவம் எது என்பதில் அகுஸ்தீனார் தெளிவாக இருக்கிறார்: செருக்கு. நன்மையின் ஊற்றை விட்டுத் தன் பக்கமே திரும்பிக்கொள்வது. தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, நல்லது குறைபட்டுப்போன நிலை அது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவையும் இதையே சொன்னது: பேய்களையும் கடவுள் நல்லவையாகத்தான் படைத்தார், அவை தாமாகவே கெட்டன. தோமா அக்வினாஸ் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். கடவுளைப் போல ஆக விரும்பியதில் தவறில்லை, அதை அருளாகப் பெறாமல் தன் சொந்த பலத்தால் அடைய நினைத்ததுதான் பாவம் என்கிறார். பாம்பின் கேள்விக்கும் இது பொருந்தும். அது பதில் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. கடவுளிடம் கேட்கவும் இல்லை, கடவுளைப் பற்றி ஏவாளிடம் கேட்டது.

ஓட்டேரி வாசகன்

அக்கா, அந்தக் கடைசி வரி நன்றாக இருக்கிறது. அப்படியானால் கடவுளிடமே நேராகக் கேட்டவர்களை என்ன செய்வது? யோபு விடவே இல்லையே.

சாந்தோம் அலை

யோபுதான் இதில் பெரிய சாட்சி. சுமார் 30 அதிகாரம் சண்டை போடுகிறார். வழக்கு மன்றத்துக்கு வா என்று கடவுளைக் கூப்பிடுகிறார். கூட இருந்த மூவரும் கடவுள் பக்கம் நின்று, நம் பிரசங்கங்களில் வருகிற மாதிரியே பேசுகிறார்கள்: நீ ஏதோ செய்திருப்பாய், அடங்கு. கடைசியில் கடவுள் எலிப்பாசிடம் சொல்வது என்ன? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" (42:7). கடவுளுக்காக வாதாடியவர்கள் பலி செலுத்த வேண்டும், கடவுளோடு வாதாடியவர் அவர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

இன்னொன்று. அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் சாத்தான் கலகக்காரனே அல்ல. கடவுளின் அவைக்கு வந்து நின்று, அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகிறான்.

ஒற்றியூரான்

நான் கிறிஸ்தவன் இல்லை, சைவக் குடும்பம். எட்டிப் பார்க்க வந்தேன், இழை பிடித்துக்கொண்டது. நக்கீரரைச் சொல்ல வந்திருப்பேன் என்று நினைப்பீர்கள், இல்லை. அவரை எல்லாரும் சொல்லியாகிவிட்டது.

எங்கள் ஊரில்தான் சுந்தரர் சங்கிலியாரை மணந்தார், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. வெண்பாக்கத்தில் போய் முறையிட்டால் ஊன்றுகோல்தான் கிடைத்தது (அந்தக் கோயிலின் பழைய இடம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள், நாம் குடிக்கிற தண்ணீர்). காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண். ஆரூரில் பாடியதுதான் "மீளா அடிமை" பதிகம். நான் உனக்கு மீளாத அடிமை என்று தொடங்கிவிட்டு, பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நீர் நன்றாய் இரும் ஐயா, நான் எப்படிப் போனால் என்ன என்கிற வயிற்றெரிச்சல் அது. அதைத் தேவாரத்தில் வைத்து ஓதுவார்கள் பாடுகிறார்கள், கலகம் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் வேதத்தில் இப்படிப் பாட்டு உண்டா?

பெரம்பூர் மணி

ஐயா, சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்பீர்கள். தோழன் உரிமையோடு திட்டலாம். நாங்கள் ஊழியக்காரர்.

திர்சாள்

"இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை" என்று யோவான் 15:15இல் இயேசுவே சொல்லிவிட்டார் அண்ணா. ஒரு மனிதன் தன் சிநேகிதனோடு பேசுவது போல மோசே கடவுளோடு பேசினான் என்று யாத்திராகமம் 33இல் இருக்கிறது. அந்தத் தோழமையில்தான், ஜனங்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று அதற்கு முந்தின அதிகாரத்தில் கேட்டான்.

நெறியாளர்

சபையின் பெயரை ஊகித்து எழுதப்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. போதகர்களின் பெயர்களையும் எழுத வேண்டாம். விவாதம் நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

கீழ்ப்பாக்கம் பழைய மாணவன்

ஒற்றியூர் அண்ணன் கேட்ட பாட்டு எங்களுக்கும் உண்டு. யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் இந்த இழைக்கு முக்கியம்.

எண்ணாகமம் 16இல் கோராகு அழிந்தான். பத்து அதிகாரம் தள்ளி, 26:11இல், போகிற போக்கில் ஒரே வரி: "கோராகின் குமாரரோ சாகவில்லை." எப்படிப் பிழைத்தார்கள், ஏன் பிழைத்தார்கள், ஒரு விளக்கமும் கிடையாது. அப்புறம் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் 42, 44 முதல் 49 வரை, 84, 85, 87, 88 ஆகியவற்றின் தலைப்பில் "கோராகின் புத்திரர்" என்று இருக்கிறது. அதாவது ஆலயத்தின் பாடகர் குழுவே அந்த வம்சம். 44இல் அவர்கள் பாடுவது: "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" நாங்கள் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கையை மீறவில்லை, பிறகு ஏன் எங்களை நொறுக்கினீர் என்று வெளிப்படையான குற்றச்சாட்டு. 88ஆம் சங்கீதம் அதைவிட இருட்டு. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்று அப்படியே நின்றுவிடுகிறது.

அப்பன் கலகம் செய்து செத்தான் என்று எழுதிய அதே வேதம், பிள்ளைகளின் இந்தக் கேள்விகளை ஆராதனைப் பாட்டாக வைத்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே கோராகைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் 16ஆம் அதிகாரத்தோடு நிறுத்தக் கூடாது.

இன்னொரு செய்தி. எண்ணாகமம் 16இல் இரண்டு கதைகள் பின்னப்பட்டிருக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களிடையே பரவலான கருத்து. ஒன்று, ஆசாரிய உரிமை கேட்ட லேவியன் கோராகின் கதை. மற்றது, மோசேயின் தலைமையை எதிர்த்த ரூபன் கோத்திரத்துத் தாத்தான், அபிராமின் கதை. உபாகமம் 11:6, சங்கீதம் 106:17 இரண்டிலும் தாத்தானும் அபிராமும் மட்டும்தான், கோராகு இல்லை.

திர்சாள்

என் பெயரைப் பார்த்து சிலர் தனிமடலில் கேட்டார்கள். இப்போது சொல்கிறேன்.

அதே எண்ணாகமம், 27ஆம் அதிகாரம். செலோப்பியாத்துக்கு ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. சட்டப்படி நிலம் கிடையாது. ஐவரும் மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபை அனைத்துக்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நின்று, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்றார்கள். பேச்சை எப்படித் தொடங்கினார்கள் தெரியுமா? எங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல என்று. பாருங்கள், அப்போதே அந்த முத்திரை குத்துகிற பழக்கம் இருந்திருக்கிறது. கேள்வி கேட்கும் முன்பே, நாங்கள் கோராகு இல்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் கொண்டுபோனார். அவர்கள் பேசுவது சரிதான் என்று பதில் வந்தது. சட்டம் மாறியது. ஐவரில் கடைசிப் பெயர் திர்சாள்.

இதோடு மிரியாமையும் வைத்துப் பாருங்கள். மோசேக்கு விரோதமாகப் பேசியது அவளும் ஆரோனும். குஷ்டம் அவளுக்கு மட்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளக்கங்கள் நிறையக் கேட்டாயிற்று, ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் அவள் பாளயத்துக்கு வெளியே இருந்த 7 நாளும் ஜனங்கள் பயணப்படவில்லை, அவள் திரும்பி வரும் வரை காத்திருந்தார்கள் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது.

சரி, கோராகின் கூட்டத்துக்கும் இந்தப் பெண்களுக்கும் என்ன வித்தியாசம்? இரு தரப்பும் இருக்கிற ஏற்பாட்டை எதிர்த்தவர்கள்தான். எனக்குத் தெரிகிற வித்தியாசம் 16:12இல் இருக்கிறது. பேசலாம் வாருங்கள் என்று மோசே ஆள் அனுப்புகிறார். தாத்தானும் அபிராமும் "நாங்கள் வருகிறதில்லை" என்கிறார்கள். பெண்கள் வந்து நின்றார்கள். யோபு எழுந்து போகவில்லை. கடவுளோடு மல்லுக்கட்டிய யாக்கோபு விடியும்வரை பிடித்த பிடியை விடவில்லை. கலகம் என்பது வரமாட்டேன் என்று சொல்வதில் இருக்கிறது, கேட்பதில் இல்லை.

கீழ்ப்பாக்கம் பழைய மாணவன்

அழகாக இருக்கிறது, ஆனால் கோராகுக்கு அது பொருந்தாது அக்கா. அவன் வந்தான், தூபகலசத்தோடு வந்து நின்றான். அவன் சொன்னதையும் கேளுங்கள்: "சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்; கர்த்தர் அவர்கள் நடுவில் இருக்கிறாரே." இதில் எந்தச் சொல் தப்பு? யாத்திராகமம் 19:6இல் கடவுளே சொன்னதுதான். ஆசாரியப் பட்டத்துக்கு ஆசைப்படுகிறான் என்று மோசேதான் குற்றம் சாட்டுகிறார். அதற்குக் கோராகு சொன்ன பதில் பதிவாகவில்லை.

எழும்பூர் எட்டு

கலகக்காரன் என்றால் நல்லவன்தான் என்கிற பக்கம் இழை சாய்கிறது. நம்ம ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது, முற்றாக ஒழியட்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்து வேப்பேரியில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தலித் கிறிஸ்தவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து நற்கருணை வாங்க மாட்டோம் என்பதுதான் விஷயம். அந்தப் பிரச்சினையில் மேலே இருந்த அதிகாரம் நியாயத்தைப் பேசியது, கீழிருந்து எழுந்த எதிர்ப்பு அநியாயத்தைக் காத்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இந்த விஷயத்தில் புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்தான். அவர் கீர்த்தனைகளை இன்றும் கண்மூடிப் பாடுகிறோம்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே சென்னையில், குருகுல் இறையியல் கல்லூரியில், அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைத் துறையாகவே வளர்த்தார். அதுவும் எதிர்ப்புதான். அப்போது எதிர்ப்பு யாருக்குச் சாதகமாக நின்றது? அதைக் கேட்காமல் கலகம் நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மேலே சாந்தோம் அக்கா சொன்னதையும் இதோடு சேருங்கள். வேப்பேரியில் வெளியேறியவர்கள் தங்கள் சிங்காசனத்தைக் காப்பாற்றிக்கொள்ள வெளியேறியவர்கள்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனும் ஞாபகத்துக்கு வருகிறார். 1649இல் சார்லஸ் மன்னனுக்கு மரண தண்டனை கொடுத்ததை நியாயப்படுத்தி எழுதியவர், 1660இல் முடியாட்சி திரும்பியதும் சிறையையும் பார்த்தவர். அவர் 1667இல் வெளியிட்ட "இழந்த சொர்க்கம்" (Paradise Lost) காவியத்தில் சாத்தான் பேசுகிற பேச்சு நம்மையே இழுத்துவிடும். சரி, விழுந்தவன் நரகத்தில் செய்த காரியம் என்ன? சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தான்.

பெரம்பூர் மணி

வேப்பேரி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் அது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. எதிர்க்கிற எல்லாரும் நியாயவான்கள் இல்லை. எபிரெயர் 13:17 இருக்கிறது, நடத்துகிறவர்களுக்கு அடங்கியிருங்கள் என்று.

சாந்தோம் அலை

அதே வசனத்தில், நடத்துகிறவர்கள் உத்தரவாதம் சொல்ல வேண்டியவர்கள் என்றும் இருக்கிறது ஐயா. ரோமர் 13க்கு அப்போஸ்தலர் 5:29 பக்கத்திலேயே நிற்கிறது: மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம். அதைச் சொன்னது ரவுடிகளிடம் அல்ல, பிரதான ஆசாரியனின் ஆலோசனைச் சங்கத்தில். 1934இல் ஜெர்மனியில் நாஜிக் கொள்கை சபைக்குள் நுழைவதை எதிர்த்துப் பார்மன் பிரகடனம் எழுதியவர்களையும் சபையைக் கெடுக்கிறவர்கள் என்றுதான் சொன்னார்கள்.

சூளை ஆடிட்டர்

இறையியல் எனக்குத் தெரியாது, கணக்கு தெரியும். யாத்திராகமம் 38ஐ யாராவது ஆடிட்டர் கண்ணோடு படித்தீர்களா?

கூடாரத்துக்கு வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். வெள்ளி எப்படி வந்தது என்றும் இருக்கிறது: தலைக்கு அரை சேக்கல், 6,03,550 பேர். பெருக்கினால் 3,01,775. தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று போட்டால் 100 தாலந்து, மிச்சம் 1,775. ஒரு சல்லி பிசகவில்லை. செலவும் உண்டு. 100 தாலந்தில் 100 பாதங்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. சில்லறை 1,775 தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போனது. மோசே சொல்லி லேவியர் எழுதிய கணக்கு இது, கணக்கு பார்த்தது ஆரோனின் மகன் இத்தாமார்.

எண்ணாகமம் 16:15இல், கோராகு கதைக்கு நடுவிலேயே, அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார் அதே மோசே. கடவுளிடம் நேரடியாகப் பேசுகிற ஆள், கழுதைக் கணக்கு சொல்கிறார். சாமுவேலும் பதவியை விட்டு இறங்கும்போது, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று ஜனங்களைக் கூட்டிக் கேட்டார். பவுல் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குறை சொல்லாதபடி வேறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). எங்கள் தொழிலில் இதைவிடப் பழைய வவுச்சர் நான் பார்த்ததில்லை.

பெரம்பூர் மணி

ஆடிட்டர் சார், இத்தாமார் வசனத்தை நான் எங்கள் கமிட்டியில் வாசிக்கிறேன். கோராகு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொளத்தூர் டீச்சர்

இழை முடியும் முன் ஒரு சந்தேகம். சண்டே ஸ்கூலில் ஒரு பையன் கேட்டான்: சாத்தான் சாரி சொன்னால் சாமி மன்னிப்பாரா மிஸ்? ஆறாம் வகுப்புப் பையன். என்ன சொல்ல?

சாந்தோம் அலை

பழைய கேள்வி டீச்சர். எல்லாப் படைப்பும் கடைசியில் கடவுளிடம் திரும்பும் என்று ஓரிகன் நினைத்தார். சாத்தானும் அதில் அடக்கமா என்று அவர் காலத்திலேயே சண்டை. 553இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தை ஒட்டி அந்தக் கருத்து கண்டிக்கப்பட்டது. நிசா நகரத்து கிரகோரியாரும் கிட்டத்தட்ட அதையே எதிர்பார்த்தார், அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எங்கள் 1992 மறைக்கல்வி ஏடு, வானதூதர்கள் எடுத்த முடிவு திரும்பப் பெற முடியாதது, கடவுளின் இரக்கத்தில் குறை இல்லை என்கிறது. அதாவது வழி அடைபட்டது உள்ளே இருப்பவன் பக்கத்தில்.

திர்சாள்

டீச்சர், நான் யோனாவைச் சொல்லிக் கொடுப்பேன். நினிவேக்குப் போ என்று கடவுள் சொன்னதும் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி ஓடினானே, அவன் எதற்கு ஓடினான் என்று கேளுங்கள். நினிவேயைக் கடவுள் மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஓடினான், 4:2இல் அவனே சொல்கிறான். கடவுள் ரொம்ப நல்லவர் என்பதற்காகக் கலகம் செய்த ஒரே ஆள். பையன்களுக்கு மீனும் பிடிக்கும்.

கொளத்தூர் டீச்சர்

மீன் பாடம் போன மாதமே முடிந்துவிட்டது. அந்தப் பையன் அதிலும் ஒரு கேள்வி கேட்டான், அதை வேறு இழையில் போடுகிறேன்.